ரத்தம் எடுத்த மறுநாள் முருங்கைக்கீரை சூப்பா?

ரத்தம் குறைவு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல். ரத்தம் ஊறிவிடும். ரத்தம் அதிகமாகிவிட்டது, எடுத்துக் கொட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னால்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பாலிசைதீமியா வேரா அப்படிப்பட்ட நோய். எலும்பு மஜ்ஜையில் ஜாக்2 என்ற மரபணு பழுதாகி, சிவப்பணுக்கள் கேட்பாரில்லாமல் பெருகும். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதல்ல, இடையில் வரும் பழுது. ரத்தம் கெட்டியாகி மூளையிலோ இதயத்திலோ காலிலோ உறைந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் ஒரு தடவைக்கு 350 முதல் 450 மில்லி வரை ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இதைவிடக் குறைவாக எடுப்பார்கள்.

இதில் நான் முதலிடம் கொடுக்கும் தவறு இரும்புச்சத்து மாத்திரை. 450 மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பும் வெளியே போகிறது. உடலின் சேமிப்பே சுமார் 1 கிராம்தான். ஆகவே ஐந்தாறு தடவை எடுத்ததும் கையிருப்பு காலி. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெர்ரிட்டின் அளவு தரைதட்டும், உடம்பு அசதியாக இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்த உறவினரோ, விவரம் தெரியாத வேறொரு டாக்டரோ, “அடடா, இரும்பே இல்லையே” என்று மாத்திரை கொடுத்துவிடுவார். உண்மையில் இரும்பு இல்லாததால்தான் மஜ்ஜையால் பழைய வேகத்தில் சிவப்பணுக்களைச் செய்ய முடிவதில்லை. சிகிச்சை வேலை செய்வதே அப்படித்தான். அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் அணுக்கள் மளமளவென்று ஏறிவிடும். சத்து டானிக், மல்டிவைட்டமின் மாத்திரைகளிலும் இரும்பு கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இதற்காகச் சாம்பாரில் கிடக்கும் கீரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வழக்கமான சாப்பாடு போதும். அசதி தாங்க முடியவில்லை, இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை என்றால் ரத்தநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பதைக் குறைத்து மருந்துக்கு மாற்ற அவருக்கு வழி உண்டு.

அடுத்த தவறும் இதோடு ஒட்டியதுதான். “ஹீமோகுளோபின் 14தானே, இந்தத் தடவை வேண்டாம்” என்று தேதியைத் தள்ளிப்போடுவது. இரும்பு குறைந்தால் அணுக்கள் சின்னதாகி ஹீமோகுளோபின் இறங்கும், ஆனால் எண்ணிக்கை அதிகமாகவே இருக்கலாம். பார்க்க வேண்டியது பி.சி.வி. என்ற வரி, அதாவது ரத்தத்தில் அணுக்கள் பிடித்திருக்கும் இடம் எத்தனை சதவீதம் என்பது. அது 45க்குக் கீழே இருக்க வேண்டும். 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 365 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 45க்குக் கீழே வைத்தவர்களைவிட, 45 முதல் 50 வரை விட்டவர்களுக்கு இதய, ரத்தநாள மரணமும் பெரிய ரத்த உறைவும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு மடங்கு. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான்.

ரத்தப் பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்று பழகிவிட்டோம். ரத்தம் எடுக்கப் போகும்போது அப்படிப் போகாதீர்கள், மயக்கம் வரும். சாப்பிட்டுவிட்டு, இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். முடிந்ததும் கால் மணி நேரம் படுத்திருந்து மெதுவாக எழுந்திருங்கள். தனியாகப் பைக் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம். மற்ற நாட்களிலும் தண்ணீர் குறைந்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். வெயில் காலத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

“வீணாகப் போகிற ரத்தம்தானே, முகாமில் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்குமே” என்று நினைப்பதும் உண்டு. மனசு நல்லதுதான். ஆனால் இது மஜ்ஜையில் உருவாகும் ஒருவகைப் புற்றுநோய் என்பதால் அந்த ரத்தத்தை வேறு யாருக்கும் ஏற்றமாட்டார்கள். முகாமில் நோயை மறைத்துக் கொடுப்பது பெரிய தப்பு.

ரத்தம் எடுத்தாயிற்று என்று, உறையாமலிருக்கக் கொடுத்த ஆஸ்பிரினை நிறுத்திவிடுவதும் கூடாது. இரண்டும் வேறு வேறு வேலை. அறுபது தாண்டியவர்களுக்கும் ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்களுக்கும் அணுக்கள் பெருகுவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும் தேவைப்படும்.

அப்புறம், ஹீமோகுளோபின் 18 என்று பார்த்ததும் ரத்தம் எடுக்க ஓடாதீர்கள். சிகரெட், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய், ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, இவற்றாலும் ஏறும். அங்கே காரணத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரிக்கிறவர்களுக்கு அதிகமான சிவப்பணுக்கள், குறைந்த ஆக்சிஜனை ஈடுகட்ட உடம்பே செய்துகொண்ட ஏற்பாடு. அவர்களிடம் ரிப்போர்ட்டில் உள்ள அளவை மட்டும் பார்த்து அடிக்கடி ரத்தம் எடுத்தால், இரும்பு குறைந்து பக்கவாத ஆபத்து கூடும்.