சாவியை ஒப்படைத்தால் ஆயிற்றா?

நியூயார்க்கில் ‘மெட்டீரியல்ஸ் ஃபார் த ஆர்ட்ஸ்’ என்ற திட்டத்தை நகரக் கலாசாரத் துறை 1978 முதல் நடத்திவருகிறது. நிறுவனங்கள் கழித்துப்போடும் துணி, பெயின்ட், பலகை, பொத்தான் எல்லாவற்றையும் வாங்கிவைத்து, கலைக்குழுக்களுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இப்படியொரு திட்டத்தை ஒரு நகரம் தொண்டு நிறுவனத்தின் கையில் கொடுக்க நினைக்கும்போது செய்யக்கூடிய பெரிய தவறு, சரக்கை எண்ணிவிட்டுச் செலவை எண்ணாமல் விடுவது.

நகரம் நடத்தும்வரை வாடகை ஒரு துறையின் கணக்கில் இருக்கும், லாரி இன்னொரு துறையுடையதாக இருக்கும், காப்பீடு எங்கேயோ கரைந்திருக்கும். மொத்தம் எவ்வளவு என்று யாருக்குமே தெரியாது. கையெழுத்துக்கு முன் ஓராண்டுச் செலவை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் “முதல் வருஷமே சொந்தக் காலில் நிற்கட்டும்” என்பவர் திட்டத்தை ஒப்படைக்கவில்லை, கைகழுவுகிறார்.

அடுத்தது லாரி ஓட்டுநர். கடைசிக் காட்சி முடிந்த இரவே நாடக அரங்கில் செட்டைப் பிரித்துவிடுவார்கள். காலையில் லாரி போய் நிற்காவிட்டால் அத்தனை பலகையும் குப்பைக்குத்தான். பின்வாசலில் யாரைக் கூப்பிடுவது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, அவருடைய செல்போனில்தான் இருக்கும். அவரோ நகர ஊழியர், திட்டம் கைமாறினால் வேறு துறைக்குப் போய்விடுவார். புதியவரைச் சில மாதமாவது அவர் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள்.

பொருள் கொடுப்பவர்களுக்குத் தரும் ரசீது விஷயம் இன்னும் நுணுக்கமானது. அமெரிக்காவில் பொதுநோக்கத்துக்காக நகரத்துக்குக் கொடுத்தாலும் வரிச்சலுகை கோரலாம், 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு நிறுவன அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தாலும் கோரலாம். அந்த அங்கீகாரக் கடிதம் வருமுன் கிடங்கைத் திறந்தால் பெரிய நிறுவனங்கள் தயங்கும். 250 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள கொடைக்கு எழுத்துபூர்வ ஒப்புகை தேவை. அதில் பொருளைப் பற்றி “துணி, 10 ரோல்” என்று எழுதினால் போதும், பதிலுக்கு ஏதாவது கொடுத்தோமா இல்லையா என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் விலையையும் சேர்த்து எழுதுவது வேண்டாத வம்பு. மதிப்பைக் கணக்கிடுவது கொடுத்தவர் பாடு.

கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு நகரத்தின் சொத்து. “எல்லாம் உங்களுக்குத்தான்” என்ற வாய்வார்த்தை தணிக்கையில் நிற்காது, முறையான உத்தரவு வேண்டும்.

சரி, ஆசிரியர்களுக்கு இலவசம் தொடருமா? “அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்று விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பணம் இறுகும்போது முதலில் முளைப்பது நுழைவுக் கட்டணம்தான்.