சூயாக்கிலிருந்து லெ மோர்ன் வரை: தென்கரைச் சாலையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மொரீசியஸின் தென்கரையைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தென்கரை ஊரான சூயாக்கில் தொடங்கி மேற்கே போங்கள் என்பதுதான். இங்கே வண்டி ஓடுவது இடப்பக்கம். மேற்கே போகும்போது கடலும் இடப்பக்கம். எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரங்கட்டலாம். காலை வெயிலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

1. கிரி-கிரி

ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கத்திலிருந்து நூவெல் பிரான்ஸ் வழியாகச் சூயாக்குக்கு நேர்ச் சாலை. ஊரை ஒட்டியே கிரி-கிரி என்னும் பாறைக் கடற்கரை. தீவைப் பெரும்பாலும் சூழ்ந்திருக்கும் பவளத்திட்டு இங்கே இல்லாததால், அலைகள் தடையின்றி வந்து பாறையில் மோதுகின்றன. குளிக்க இறங்கவே கூடாது. முனைவரை நடந்தால் ‘லா ரோஷ் கீ ப்ளெர்’, அழும் பாறை. அலை வரும்போது படமெடுக்காதீர்கள். அது பின்வாங்கியதும் கருங்கல் விளிம்பிலிருந்து நீர் இழை இழையாக வடியும். அந்தச் சில நொடிகளுக்குக் காத்திருங்கள். ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், கடலை நோக்கி எடுக்கும் படத்தில் கண் கூசாது.

2. ரோச்செஸ்டர் அருவி

பலர் திணறுவது இங்கேதான். அருவி சூயாக்கிலிருந்து சற்று உள்ளே, சவான் ஆற்றில் இருக்கிறது. கடைசித் தூரம் கரும்புக்காட்டு மண்பாதை. கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள். தோட்டத்துக்குள் முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பெயர்ப்பலகையைப் பார்த்தே திரும்புங்கள். வெட்டுக்கு முன் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்பதால் திருப்பமே கண்ணில் படாது. வெட்டுக் காலத்தில் கரும்பு லாரிகள் எதிரே வரும். மழை பெய்திருந்தால் சிறிய காரின் அடிப்பாகம் பள்ளங்களில் தட்டும். அப்போது வண்டியை முன்னாலேயே நிறுத்திவிட்டு நடப்பதே மேல்.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது வெடித்துப் பிரிந்த கருங்கல் தூண்கள், செங்குத்தாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கின்றன. அவற்றின் மேலிருந்து உள்ளூர்ப் பையன்கள் குதிப்பார்கள். நீங்கள் குதிக்க வேண்டாம். ஈரக் கருங்கல்லில் சாதாரணச் செருப்பு வழுக்கும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்புதான் சரி.

3. பே து காப், மக்கோந்தே

ரியாம்பெல் கடற்கரையில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். தால் பூரியைக் கியூர்பிப்பிலேயே வாங்கி வருவது என் வழக்கம். பே து காப்பில் மாத்யூ ஃப்ளிண்டர்ஸின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்து வரைபடம் வரைந்த அந்த மாலுமி 1803இல் இங்கே கரையேறினார்; பிரெஞ்சுக்காரர்கள் ஒற்றன் என்று ஐயுற்று 1810 வரை விடவில்லை.

மக்கோந்தேயில் சாலை பாறையைச் சுற்றி வளைகிறது. வளைவிலேயே நிறுத்தினால் பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. தாண்டிப்போய் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பாறைமேல் ஏறும் படிகள் குறுகலானவை. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

4. லெ மோர்ன்

556 மீட்டர் உயர மலை. தப்பியோடிய அடிமைகளின் புகலிடம். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலையேற்றத்துக்குத் தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தோடு சேர்த்துத் திணிக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: கார் இல்லாமல் முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கியூர்பிப்பிலிருந்து சூயாக்குக்குப் பஸ் உண்டு. கிரி-கிரிக்கு அங்கிருந்து நடந்துவிடலாம். மேற்கே போகும் பஸ்கள் குறைவு, மாலையில் இன்னும் குறைவு. இறங்கும்போதே திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.