உள் நெட்வொர்க்குக்கு எந்தப் பின்னொட்டு?

பிரின்டருக்கு 192.168.1.37, சேமிப்பு சர்வருக்கு இன்னொன்று என்று எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஆளுக்கொரு பெயர் சூட்டிவிடலாம். பெயரின் முன்பகுதி உங்கள் இஷ்டம். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதில்தான் வில்லங்கம். அந்தப் பின்னொட்டு வெளியுலகில் இன்று வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. நாளையும் ஆகிவிடக் கூடாது.

படி 1: ஆகாதவற்றைக் கழியுங்கள்

முதலில் '.லோக்கல்' (.local). பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் 2013 முதல் இது எம்டிஎன்எஸ் முறைக்கென ஒதுக்கப்பட்டது. இதில் முடியும் பெயரைக் கேட்டால், கணினி, பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் போகாமல், 5353 என்ற போர்ட் வழியாக நெட்வொர்க்கில் உள்ள எல்லாச் சாதனங்களிடமும் 'இது யார்?' என்று கேட்கும். அதே பெயரை நீங்கள் டிஎன்எஸ் சர்வரிலும் பதிந்தால், சில சாதனங்கள் அங்கே கேட்கும், சில கேட்காது. ஒரு கணினியில் திறக்கும் பக்கம் பக்கத்து மேசையில் திறக்காது. பழைய விண்டோஸ் சர்வர்கள் உள்ள அலுவலகங்களில் இது இன்னும் காணப்படும். சிக்கலின்றி ஓடுகிறதென்றால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். புதிதாக வைக்காதீர்கள், அவ்வளவே.

'.டெவ்' கூகுளுடையது, பிரவுசர்கள் அதற்கு ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) கட்டாயம் என்று அடம்பிடிக்கும். '.ஹோம்', '.கார்ப்' இரண்டையும் யாருக்கும் வழங்குவதில்லை என்று, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2018இல் முடிவு செய்தது. ஆனால் நமக்கென்று ஒதுக்கவும் இல்லை. '.லான்' கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

இதெல்லாம் வீண் பயம் என்பவர்களுக்கு ஒரு செய்தி: ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் 'ஃபிரிட்ஸ்.பாக்ஸ்'. '.பாக்ஸ்' விற்பனைக்கு வந்ததும், 2024 ஜனவரியில் அந்தப் பெயரை வேறு யாரோ பதிவு செய்துவிட்டார்கள்.

படி 2: வீடு என்றால்

'ஹோம்.ஆர்ப்பா' (home.arpa) அல்லது '.இன்டர்னல்' (.internal). முன்னது 2018இல் வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பின்னதை ஐகான் 2024 ஜூலையில் தனிப் பயன்பாட்டுக்கு விட்டது. எனக்குச் சுருக்கமான '.இன்டர்னல்' பிடிக்கும். எதை எடுத்தாலும் பாதகமில்லை.

படி 3: அலுவலகம் என்றால்

சொந்த டொமைன் (இணையத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்த முகவரி) இருந்தால் அதற்கு அடியில் ஒரு கிளைப் பெயர் வையுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டு, ஆனால் பலன் பெரிது. '.இன்டர்னல்' பெயருக்கு, ஹெச்டிடிபிஎஸ்ஸுக்காகப் பிரவுசர்கள் நம்பும் பொதுச் சான்றிதழ் கிடைக்காது. சொந்த டொமைன் என்றால், டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவைச் சேர்த்து உரிமையை நிரூபித்தால் போதும்; வெளியிலிருந்து எட்டவே முடியாத சர்வருக்கும் சான்றிதழ் கிடைக்கும். நாளை இரண்டு அலுவலகங்கள் இணைந்தாலும் பெயர்கள் மோதிக்கொள்ளாது.

படி 4: ரவுட்டரில் பதியுங்கள்

சாதனங்களுக்கு ஐபி எண்களை வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் 'டொமைன்' என்ற கட்டம் இருக்கும். பின்னொட்டை அங்கே இடுங்கள். பிரின்டருக்கு நிலையான ஐபி ஒதுக்கிப் பெயரைச் சேருங்கள். அந்தப் பின்னொட்டு பற்றிய கேள்விகளை வெளியே அனுப்பாதே என்று சொல்லும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். பிறகு கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து மறுபடி இணைத்து, டிஎன்எஸ் தரும் விடையைக் காட்டும் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

விடை சரியாக வந்தும் பிரவுசர் தேடல் பக்கத்துக்கு ஓடினால், பெயரின் முடிவில் ஒரு சாய்கோடு சேருங்கள். அப்போதும் திறக்காவிட்டால், பிரவுசரின் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' அமைப்பைப் பாருங்கள். அது ரவுட்டரைத் தாண்டி நேராக வெளியே கேட்டுக்கொண்டிருக்கலாம்.