நெமா மோட்டாரைக் கழற்றி ஐஇசி மோட்டார் மாட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினில் மோட்டார் எரிந்துவிட்டால் நாம் முதலில் என்ன செய்வோம்? நேம் பிளேட்டைத் துடைத்து, '10 ஹெச்.பி., 4 போல்' (போல் என்றால் உள்ளே இருக்கும் காந்த முனை) என்று குறித்துக்கொண்டு கடைக்கு ஓடுவோம். அங்கே 7.5 கிலோவாட் மோட்டாரை எடுத்துத் தருவார்கள். 10 ஹெச்.பி. என்பது 7.46 கிலோவாட், கணக்கு சரிதான். ஆனால் பழையது அமெரிக்க நெமா தரத்தில் செய்தது, புதியது சர்வதேச ஐஇசி தரத்தில் செய்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருந்தால் யாரும் ஏமாற மாட்டோம். கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஃப்ரேமையே, அதாவது மோட்டார் உடலின் அளவையே பாருங்கள். ஐஇசியில் 132எம் என்றால் மோட்டார் காலின் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 132 மில்லிமீட்டர். நெமாவில் 215டி என்றால் முதல் இரண்டு இலக்கத்தை 4ஆல் வகுக்க வேண்டும்: 21ஐ வகுத்தால் 5.25 அங்குலம், அதாவது 133.35 மில்லிமீட்டர். கால் துளைகளின் இடைவெளி நெமாவில் 215.9க்கு 177.8 மில்லிமீட்டர், ஐஇசியில் 216க்கு 178. அதனால் போல்ட் நான்கும் ஒழுங்காக இறங்கும், எல்லாம் பொருந்திவிட்டது என்ற நிம்மதியில் ஸ்விட்சைப் போட்டுவிடுவார்கள். ஷாஃப்ட் 1.35 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு இடத்தில் இப்படி மாட்டிய மோட்டாரைப் பார்க்கப் போனபோது, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்குக்குக் கீழே பேஸ் ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு ரப்பர் பொடி, மிளகுத்தூள் கொட்டியது போல. காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, டயல் கேஜ் போட்டு இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று அலைன்மென்ட் பாருங்கள். தலைகீழாக, ஐஇசி இருந்த இடத்தில் நெமா வைத்தால் ஷாஃப்ட் உயர்ந்துவிடும், ஷிம் உதவாது, பம்பைத்தான் தூக்க வேண்டும்.

ஷாஃப்ட் விட்டமும் வேறு. 215டிக்கு 34.925 மில்லிமீட்டர், 132எம்முக்கு 38. பழைய கப்ளிங்கை லேத்தில் 38க்குப் பெரிதாக்கலாம், ஆனால் கீ வழியும் (ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக வேண்டும். கப்ளிங்கின் ஹப்பில் அதற்குச் சதை இல்லையென்றால் புதிய கப்ளிங் வாங்கிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது சர்வீஸ் ஃபேக்டர், அதாவது போட்டிருக்கும் பவரைப் போல எத்தனை மடங்கு வரை இழுக்கலாம் என்பது; என்னைக் கேட்டால் அதிக மோட்டாரை எரிப்பது இதுதான். நெமா மோட்டாரில் பெரும்பாலும் 1.15 என்று போட்டிருக்கும்: 10 ஹெச்.பி. மோட்டார் 11.5 வரை இழுக்கும், சூடு கூடும், ஆயுள் குறையும், ஆனாலும் ஓடும். ஐஇசி மோட்டாருக்கு அது 1.0, போட்டிருப்பதுதான் எல்லை. பழைய மோட்டார் பல வருடமாக 8.2 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தால், புதிய 7.5 கிலோவாட் மோட்டார் முதல் நாளிலிருந்தே 9 சதவீதம் ஓவர்லோடு. அமெரிக்க மின் விதிப்படி 1.15 மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) நேம் பிளேட் ஆம்பியரில் 125 சதவீதம் வரை வைக்கலாம். பழைய பேனலில் அதை அப்படியே விட்டால் வைண்டிங் கருகும் வரை ட்ரிப் ஆகாது. புதிய மோட்டாரின் ஆம்பியருக்கு இறக்கிவிடுங்கள். லோடு உண்மையிலேயே அதிகம் என்றால் 11 கிலோவாட் போடுங்கள்.

அப்புறம் நேம் பிளேட்டில் வோல்ட் எண்களுக்கு நடுவே வரும் அந்தச் சாய்கோடு. ஐஇசி நேம் பிளேட்டில் 230/400 என்றால் டெல்டா இணைப்புக்கு 230, ஸ்டார் இணைப்புக்கு 400, இரண்டுக்கும் விகிதம் 1.73. நெமாவில் 230/460 என்றால் விகிதம் சரியாக 2: ஒரே வைண்டிங்கின் பாதிகளைப் பேரலலாகவோ சீரிஸாகவோ இணைப்பது. உள்ளே ஆறு டெர்மினலுக்குப் பதில் பெரும்பாலும் ஒன்பது ஒயர்கள் தொங்கும். உள்ளேயே ஸ்டார் கட்டியிருக்கும் ஒன்பது ஒயர் மோட்டாரில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. நம் 415 வோல்ட்டில் தெரியாமல் பேரலல் இணைப்பைக் கொடுத்தால் புகைதான்.

எழுத்துகளிலும் கவனம். நெமா டிசைன் பி என்பது டார்க் (சுழற்றும் விசை) வகை, இன்சுலேஷன் கிளாஸ் பி என்பது வைண்டிங் இன்சுலேஷன் தாங்கும் சூடு, 130 டிகிரி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. எஃபிஷியன்சியிலும் எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 7.5 கிலோவாட் 4 போல் மோட்டாரில் ஐஇ3 என்ற எஃபிஷியன்சி வகுப்புக்கு 50 ஹெர்ட்ஸில் 90.4 சதவீதம், 60 ஹெர்ட்ஸில் 91.7. வகுப்பு ஒன்றுதான், நெமாவின் பிரீமியம் வகுப்பும் 60 ஹெர்ட்ஸில் அதே அளவுதான்.

கடைசியாக வேகம். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1750 சுற்று ஓடியது நம் 50 ஹெர்ட்ஸில் 1450 ஆகிவிடும். பம்பில் தண்ணீர் 83 சதவீதம், ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்) 69 சதவீதம்தான் கிடைக்கும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம், கோவையிலிருந்து பம்பு ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த பம்பை அமெரிக்காவில் 60இல் ஓட்டினால் தேவைப்படும் பவர் 1.73 மடங்கு. இம்பெல்லரை (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கடைந்து விட்டத்தைக் குறைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் அங்கே ஸ்டார்ட் செய்த அன்றே ட்ரிப் ஆகி நிற்கும்.