புது பூட்லோடரை முதலில் ராமில் ஓட்டிப் பாருங்கள்

யூ-பூட் என்பது போர்டுக்கு பவர் வந்ததும் முதலில் ஓடி, மற்றதைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர். புதிதாக பில்டு செய்த யூ-பூட்டை நேராக ஃபிளாஷில் எழுதிவிடாதீர்கள். கோளாறு இருந்தால் போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பழைய யூ-பூட்டின் ப்ராம்ப்டில் டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறை) வழியாகவோ, நெட்வொர்க் இல்லையென்றால் சீரியல் கேபிளில் 'லோட்ஒய்' (சீரியலில் கோப்பு வாங்கும் கட்டளை) கொடுத்தோ பைனரியை ராமில் ஏற்றுங்கள். அப்புறம் டேட்டா கேஷை அணைத்துவிட்டு, 'கோ' கட்டளையோடு, பைனரியை ஏற்றிய அதே ராம் முகவரியைக் கொடுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது இந்த முகவரியில்தான். பில்டில் டெக்ஸ்ட் பேஸ் (பைனரி ஓடத் தொடங்கும் முகவரி) என்று எதைக் கொடுத்தீர்களோ, சரியாக அங்கேதான் ஏற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் யூ-பூட் பெரும்பாலும் ராமின் மேல்முனையில் உட்கார்ந்திருக்கும். போர்டின் நினைவக விவரம் காட்டும் 'பிடிஇன்ஃபோ' கட்டளையில் அது இருக்கும் இடத்தைப் பார்த்து, அதன்மேல் ஏறாமல் தள்ளி வையுங்கள். ராமைத் தயார்செய்யும் தொடக்கக் குறிமுறையையும் சோதனை பில்டில் எடுத்துவிடுங்கள். தான் நிற்கும் ராமையே மறுபடி அமைக்கப் போனால் அங்கேயே உறைந்துவிடும்.

சோதனையின்போது யூ-பூட்டின் அமைப்புகளைச் சேமிக்கும் 'சேவ்என்வ்' கட்டளை மட்டும் வேண்டாம், அது ஃபிளாஷில் எழுதிவிடும். மற்றபடி எங்கே தொங்கினாலும், பவரை எடுத்துப் போட்டால் பழைய ப்ராம்ப்ட் வந்துவிடும்.