கல்லீரல் புற்றுநோய்: கூட வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

நோயாளியோடு வரும் குடும்பத்தாருக்கு வழிகாட்டுவது என் வேலை. மாத்திரையை மறப்பது, செக்கப்புக்குப் போகாமல் விடுவது எல்லாம் தவறு என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிடைத்த ஸ்கேனோடு ஓடிவருவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். அல்ட்ராசவுண்டில் 'கட்டி' என்று வந்ததும் பக்கத்து டவுனில் சாதா சிடி எடுத்துவிடுகிறார்கள். அது போதாது. கல்லீரலுக்குப் பெரும்பாலான ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டி தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்கிறது. ரத்தக்குழாயில் 'டை' என்ற சாயமருந்தை ஏற்றி அடுத்தடுத்து படம் எடுத்தால் கட்டி முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) உள்ளவருக்கு இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயாப்ஸியே, அதாவது ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பதே, வேண்டாம். இப்படி அடுத்தடுத்து எடுப்பதற்குப் பெயர் 'ட்ரிப்பிள் ஃபேஸ்'; சீட்டில் அப்படி இருக்கிறதா, பாருங்கள்.

விழுப்புரம் பக்கமிருந்து ஒரு பையன் அப்பாவை அழைத்து வந்திருந்தான். கட்டைப்பை நிறையக் காகிதம். யாரோ சொன்னார்களென்று கட்டியில் ஊசி விட்டு பயாப்ஸியும் எடுத்தாகிவிட்டது. ரத்தம் கசியலாம், ஊசி போன தடத்தில் புற்று ஒட்டிக்கொள்ளலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஸ்கேன் டிஸ்க் எங்கேப்பா?"

"ரிப்போர்ட் இருக்கே சார்."

டிஸ்க் வீட்டில், டிவி ஸ்டாண்டில். டாக்டர் பார்க்க வேண்டியது படத்தை, டைப் அடித்த தாளை அல்ல. கடைசியில் கிட்னி டையைத் தாங்குமா என்று கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, புதிதாக ஸ்கேன் எடுத்து, மறுபடி காசு கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கட்டி ஒன்றே என்றால் 5 செ.மீ. வரை, இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்: கல்லீரல் மாற்றுக்கு 1996இல் வகுத்த மிலன் அளவுகோல் இது. அந்த வரம்பை ஒட்டி நிற்பவருக்கு ஒரு மாதம் வீணானால் கணக்கே மாறிவிடலாம்.

ஏஎஃப்பி நார்மல் என்று நிம்மதியடைவது

ஏஎஃப்பி என்பது கல்லீரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. புற்று இருந்தும் நார்மலாக வருவது சகஜம்.

பத்தியம்

முட்டை, பருப்பை நிறுத்திக் கஞ்சியில் போட்டுவிடுகிறார்கள். சிரோசிஸ் உள்ளவருக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமாவது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். வயிற்றில் நீர் இருந்தால் குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாயையும் அப்பளத்தையும் எடுத்து வையுங்கள். படுக்கும்முன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குவது

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது. கிட்னி கெடலாம், ரத்த வாந்தி வரலாம்.

கீழாநெல்லி

கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

காப்பீட்டு அட்டையைக் கடைசியில் எடுப்பது

முதல்வர் காப்பீட்டில் முன் அனுமதி வாங்கித்தான் சிகிச்சை செய்வார்கள். அட்மிஷனுக்கு முன்பே காட்டுங்கள்.

பி வைரஸை நோயாளியோடு நிறுத்துவது

கல்லீரல் புற்றுக்குக் காரணமாகும் வைரஸ்களில் ஒன்றான ஹெபடைடிஸ் பி நோயாளிக்கு இருக்கிறது என்று வந்தால் மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரும் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார் தம்பி. வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். தொற்றும் எதிர்ப்புசக்தியும் இல்லாதவருக்குத் தடுப்பூசி; தொற்று இருப்பவருக்கு மருந்து வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார், தேவைப்பட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்வார்.