சின்னப் படைவீரருக்கு நிறம் பூசமுன்: ஆதாரம் தேடுவதில் விடும் பிழைகள்

பழங்காலப் போர் விளையாட்டு மினியேச்சர்களுக்கு நிறம் பூசுபவர்கள், படம் ஒன்று கிடைத்ததும் தூரிகையை எடுத்துவிடுகிறார்கள். அதை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று கேட்பதில்லை. வவுனியா நகரில் நிற்கும் பண்டாரவன்னியன் சிலையையே எடுங்கள். அவர் ஆங்கிலேயரோடு மோதியது 1803இல். சிலை எங்கள் காலத்தவர் மரியாதைக்காக எழுப்பியது. அதை வணங்கலாம், ஆனால் அக்கால உடைக்கு ஆதாரமாக வைக்க முடியாது.

சோழர் படை செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் தெரியவந்தது. 'தஞ்சைக் கோயில் ஓவியம்' என்று இணையத்தில் வரும் படம் எந்த அடுக்கு என்று பாராமல் எடுத்தால், இராசராசனின் வீரன் அறுநூறு ஆண்டு பிந்திய உடையில் நிற்பான். சோழர் அடுக்கில் திரிபுராந்தகர், அதாவது முப்புரத்தை அழித்த சிவன், போரிடும் காட்சி இருக்கிறது. வாள், கேடயம், வில் எல்லாம் அதில் பார்க்கலாம். அதில் போரிடுபவர்கள் தெய்வமும் அசுரரும் என்பதையும் மறக்கக்கூடாது.

உரோமர் விடயத்தில் ஒற்றைச் சான்றை நம்புவதுதான் பெரிய பிழை. உரோம் நகரில் கி.பி. 113இல் திறக்கப்பட்ட டிராஜன் தூண், அந்தப் பேரரசர் டேசியாவில் (இன்றைய ருமேனியப் பகுதி) நடத்திய போர்களைக் காட்டுகிறது. அதில் லீஜியன் என்ற முதன்மைப் படையின் வீரர்கள் பட்டைக் கவசத்திலும் துணைப்படையினர் வளையக் கவசத்திலும் ஒழுங்காகப் பிரிந்து நிற்கிறார்கள். அதே டேசியப் போர்களுக்காக ருமேனியாவின் அடம்கிளிசியில் எழுப்பிய சின்னத்திலோ லீஜியன் வீரரே வளையக் கவசமும் செதில் கவசமும் அணிந்திருக்கிறார்கள். தலைநகரத்துச் சிற்பிகள், பார்ப்பவர் பிரித்தறிய வசதியாகச் செதுக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். நான் அடம்கிளிசியின் பக்கம்.

யானைக்கு வன்னியில் இருப்பவர்கள் புத்தகம் தேட வேண்டியதில்லை. காதோரத்திலும் தும்பிக்கையிலும் வரும் இளஞ்சிவப்புத் திட்டுகளை நேரிலேயே பார்க்கிறோம். அதில் மூன்று பிழைகள் நேரலாம். மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட யானையின் செந்நிறத்தைத் தோலின் நிறமென்று எடுப்பது ஒன்று. இலங்கையின் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. அதைப் பார்த்து இந்தியப் போர்யானைகளையும் தந்தமில்லாமல் விடுவது அடுத்தது. மூன்றாவது, உரோமரோடு போரிட்ட வட ஆபிரிக்க அரசான கார்த்தேஜின் படைக்கும் எங்கள் யானையையே வைப்பது. ஸ்பெயினில் அவர்கள் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் இருப்பது பெரிய காதுள்ள ஆபிரிக்க யானை. கி.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த பஞ்சாப் அரசன் போரஸின் யானைகள் மேல் அம்பாரிக் கோபுரம் வைப்பதையும் விட்டுவிடுங்கள். அது பிற்கால வழக்கம்.

சலவைக்கல் வெள்ளையாக இருப்பதால் உடையும் வெள்ளை என்று முடிவெடுக்காதீர்கள். 1863இல் கிடைத்த உரோமப் பேரரசர் அகஸ்டஸின் சலவைக்கல் சிலையில் சிவப்பும் நீலமும் ஒட்டியிருந்தன.

கடைசியாக, போன் திரையில் தெரியும் நிறத்தை அப்படியே கலக்கவேண்டாம். ஒரே பொருளை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த நூதனசாலைப் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 28 மில்லிமீற்றர் உருவத்தில் எந்த நிறமும் கொஞ்சம் இருண்டுதான் தெரியும், ஆகவே ஒரு படி வெளிறலாகக் கலக்குங்கள்.